மண்ணைத் தோண்டும் முன் ஒரு கோப்பு

வீடு கட்ட முனையும் குடும்பம் செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் முன்னரே சேர்க்க வேண்டிய காகிதங்கள் எவை? அவற்றை எப்படி அடுக்குவது?

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று பெரியோர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தனர். செலவு கணக்கை மீறும் என்பதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு செய்தியில் கல்யாணம் முந்திக்கொள்கிறது. நிச்சயதார்த்தத்தன்று லக்னப் பத்திரிகை எழுதப்படுகிறது. நாள், நேரம், இடம் எல்லாம் சபையில் உரக்க வாசிக்கப்படுகின்றன. இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்கின்றனர். பிறகு எவரும் “எனக்குச் சொன்ன முகூர்த்தம் வேறு” என்று சொல்ல இடமில்லை.

வீடு கட்டும்போதோ, நம்மில் பலர் அத்தகைய பத்திரிகை எதுவும் இல்லாமலே பூமி பூஜைக்குத் தேங்காய் உடைத்துவிடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெங்களூரில் 30க்கு 40 அடி மனை. 1,200 சதுர அடி. பணி ஓய்வை நெருங்கும் கணவர், பள்ளி ஆசிரியையான மனைவி, கணவரின் வயது முதிர்ந்த தாயார், கல்லூரியில் படிக்கும் மகள். கட்டடக் கலைஞர் வரைந்த வரைபடத்துக்கு மாநகராட்சியின் அனுமதி கிடைத்தது. வங்கியும் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. அதன் பிறகுதான், பின்மூலையில் இருந்த படிக்கட்டு மிகச் செங்குத்தாக இருப்பதைத் தாயார் கவனித்தார். கட்டடக் கலைஞர் படிக்கட்டை முன்பக்கத்துக்கு மாற்றி, புதிய வரைபடத்தைக் கணவரின் கைப்பேசிக்கு அனுப்பினார். கணவர் அதை அப்படியே மேஸ்திரிக்கு அனுப்பினார். கட்டமைப்புப் பொறியாளருக்கு அனுப்ப எவருக்கும் தோன்றவில்லை.

மேஸ்திரியிடம் இப்போது இரண்டு வரைபடங்கள். தூண்களுக்கான குழிகளைப் பொறியாளரின் பழைய வரைபடப்படி தோண்டினார். அடித்தளக் கான்கிரீட் இட்டு, தூண்கள் தரைமட்டம்வரை எழும்பின. பிறகு சுவர்களுக்கு நூல் பிடித்தபோது புதிய வரைபடத்தை விரித்தார். ஒரு தூண் கார் நுழையும் வழியின் நடுவே நின்றது. மற்றொன்று படிக்கட்டின் முதல் படியிலேயே நின்றது. “நீங்கள் அனுப்பிய படத்தைத்தானே சார் பார்த்தேன்” என்றார் மேஸ்திரி. அவர் சொன்னதும் பொய்யில்லை.

இந்தக் குடும்பம் நாம் எடுத்துக்கொண்ட கற்பனைதான். ஆனால் இதில் எவரும் ஏமாற்றவில்லை, எவரும் சோம்பியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவர் கையிலும் முறையான வரைபடம் இருந்தது. எல்லோர் கையிலும் ஒரே வரைபடம் இல்லை என்பதே குறை. அந்தக் குறைக்கு விலை கொடுப்பவர் வீட்டு உரிமையாளர்; அந்த விலை பெரும்பாலும் சேமிப்பிலிருந்து போகிறது, அல்லது கடனில் ஏறுகிறது.

கோட்டை அழிப்பதும் சுவரை இடிப்பதும்

காகிதத்தில் இருக்கும் படிக்கட்டை நகர்த்த ஒரு மாலைப்பொழுது போதும். கான்கிரீட் இட்ட பின் நகர்த்த வேண்டுமானால் இடிப்புக் கூலி, வீணான கம்பி, புதிய கான்கிரீட், நின்றுபோன நாட்கள், அந்த நாட்களுக்கான வீட்டு வாடகை என்று செலவு நீளும். ஆகவே, பெரிய முடிவுகள் எல்லாம் மலிவாக இருக்கும் காலத்திலேயே எடுக்கப்பட வேண்டும். எடுக்கப்பட்ட முடிவுகள் எழுத்தில் இருக்க வேண்டும். தொடக்கக் கட்ட ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதன் நோக்கம் இதுவே.

இந்தியாவில் கட்டடக் கலைஞர்களின் தொழிலை 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் நெறிப்படுத்துகிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த கட்டடக் கலை மன்றம், கட்டடக் கலைஞரின் பணியை ஏழு கட்டங்களாக வகுத்துள்ளது: கருத்துரு வடிவமைப்பு, முதனிலை வடிவமைப்பு, அனுமதிக்கான வரைபடங்கள், கட்டுமான வரைபடங்களும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களும், ஒப்பந்ததாரர் நியமனம், கட்டுமானம், பணி நிறைவு. முதல் நான்கு கட்டங்களிலும் வேலை முழுவதும் காகிதத்தில்தான் நடக்கிறது. நம் குடும்பங்களில் பல, முதல் கட்டத்திலிருந்து நேரே ஆறாவது கட்டத்துக்குத் தாவிவிடுவதே சிக்கலின் தொடக்கம்.

கட்டணம் பேசும்போதே, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் எந்தெந்தக் காகிதங்கள் உங்கள் கைக்கு வரும் என்பதைக் கடிதத்தில் எழுதிப் பெறுங்கள். ஒரு கட்டம் முடிந்ததன் அடையாளமாக அந்த வரைபடத்தில் நீங்களும் கையெழுத்திட்டுத் தேதியிடுங்கள். கையெழுத்திடும் முன் குடும்பத்தில் எல்லோரும் ஒருமுறை பார்க்கட்டும். மேற்சொன்ன தாயார் படிக்கட்டை முதல் கட்டத்திலேயே பார்த்திருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேறோர் எடுத்துக்காட்டைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

ஒரே கோப்பு, ஐந்து பகுதிகள்

தடித்த அட்டைக் கோப்பு ஒன்றும், அதே அமைப்பில் கணினியில் ஒரு கோப்புறையும் போதும். அதை ஐந்தாகப் பிரியுங்கள்: நிலம், தேவை, மண், வரைபடம், பணம்.

நிலம்

கிரயப் பத்திரம், மூலப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, வரி ரசீதுகள் ஆகியவை எல்லா இடங்களுக்கும் பொதுவானவை. உரிமையைக் காட்டும் வருவாய்த்துறை ஆவணத்தின் பெயர் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் பட்டா, கர்நாடகத்தின் நகரங்களில் காத்தா, மகாராஷ்டிரத்தில் 7/12 உத்தாரா. வேறு மாநிலத்தில் குடியேறி மனை வாங்கும் வாடிக்கையாளர்கள், ஊரில் பழகிய பெயரைத் தேடாமல் அந்த மாநிலத்துக்குரிய ஆவணத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

இந்தப் பகுதியில் பலர் விட்டுவிடும் காகிதம் ஒன்று உண்டு: மனையின் இன்றைய அளவு வரைபடம். பத்திரத்தில் 40 அடி என்றிருக்கும். அளந்து பார்த்தால் பக்கத்து மதில் உள்ளே நகர்ந்து 39 அடியாக இருக்கும். அடுத்த மனைக்காரர் முன்னிலையில் நில அளவையாளரைக் கொண்டு நான்கு பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, எதிரே உள்ள சாலையின் அகலத்தையும் வடதிசையையும் குறித்துக்கொள்ளுங்கள். சாலையின் அகலம் சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் எத்தனை தளம் கட்டலாம், எவ்வளவு பரப்பு கட்டலாம், எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் பல ஊர்களின் விதிகளில் சாலையின் அகலத்தைப் பொறுத்தே அமைகின்றன.

கடன் பெறும்போது மூலப் பத்திரங்கள் வங்கியின் காப்பில் இருக்கும். ஆகவே ஒப்படைக்கும் முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் தெளிவாக நகலெடுத்துக் கோப்பில் வையுங்கள். ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலுக்கு வங்கி தரும் ஒப்புகையையும் உடன் வையுங்கள். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு வழங்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் கட்டளை. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. அந்த நாளில் பட்டியலைச் சரிபார்க்க உங்கள் கோப்பு கைகொடுக்கும்.

தேவை

இது ஒரே பக்கம்தான். வீட்டில் எத்தனை பேர், அவர்களின் வயது என்ன, மாடி ஏற முடியாதவர் உண்டா, கார் எத்தனை, பூஜை அறை எந்தத் திசையில், வாஸ்து பார்ப்பதானால் எந்த அளவுக்கு, மொத்தச் செலவின் உச்ச வரம்பு எவ்வளவு என்பவற்றை எழுதுங்கள்.

அதில் ஒரு கேள்வி மிக முக்கியமானது: பிற்காலத்தில் மாடி எழுப்பும் எண்ணம் உண்டா? அடித்தளமும் தூண்களும் எத்தனை தளங்களின் பாரத்துக்குக் கணக்கிடப்படுகின்றனவோ, அதற்குமேல் தாங்கா. மகளின் திருமணத்துக்குப் பின் ஒரு மாடி கட்டலாம் என்பது உங்கள் மனத்தில் இருக்கலாம். பொறியாளரின் கணக்கில் இல்லாவிட்டால் அந்த எண்ணத்தால் பயனில்லை.

மண்

‘பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தடி தோண்டினார், நமக்கும் ஐந்தடி போதும்’ என்ற கணக்கு ஆபத்தானது. ஒரே தெருவில் ஒரு மனை பாறையாகவும், அடுத்த மனை தூர்த்த குட்டையாகவும் இருக்கக்கூடும். மண் பரிசோதனையில் துளையிட்டு, குறிப்பிட்ட ஆழங்களில் 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுகின்றனர். அந்த எண்ணிக்கை, நிலத்தடி நீர்மட்டம், மண்ணின் வகை ஆகியவற்றைக் கொண்டு, ஒரு சதுர மீட்டர் மண் எத்தனை டன் பாரத்தைப் பாதுகாப்பாகத் தாங்கும் என்பதை அறிக்கை சொல்லும்.

மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத், தெலங்கானா, வட கர்நாடகம் ஆகிய பகுதிகளிலும் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களிலும் கரிசல் மண் பரவியுள்ளது. மழையில் பருத்தும் வெயிலில் சுருங்கி வெடித்தும் போவது அதன் இயல்பு. மேலோட்டமான அடித்தளம் இட்டால், அந்த அசைவு சுவரில் விரிசலாகத் தெரியும். இத்தகைய மண்ணுக்கென்றே, அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற நிலத்தூண் அடித்தள முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. எந்த முறை உங்கள் மனைக்குப் பொருந்தும் என்பதை மண் அறிக்கைதான் சொல்ல வேண்டும்.

மண் அறிக்கையின் நகல் கட்டமைப்புப் பொறியாளருக்குக் கட்டாயம் போய்ச் சேர வேண்டும். அவருடைய வரைபடத்தின் குறிப்புப் பகுதியில், எந்த அறிக்கையை, எந்தத் தாங்குதிறனைக் கொண்டு கணக்கிட்டார் என்பதும், எந்த நில அதிர்வு மண்டலத்துக்கும் எத்தனை தளங்களுக்கும் கணக்கிட்டார் என்பதும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. நில அதிர்வைக் கணக்கில் கொள்வது மலைநாட்டவருக்கு மட்டும் உரிய கவலையன்று.

வரைபடம்

கோப்பின் உயிர்ப்பகுதி இது. கட்டட வரைபடங்கள் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 962 என்ற விதித்தொகுப்பே உள்ளது. அதை நாம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வரைபடத்தைக் கையில் வாங்கினாலும் அதன் வலப்பக்க அடிமூலையில் உள்ள கட்டத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வரைபட எண், பெயர், அளவீட்டு விகிதம், தேதி, திருத்த எண், வரைந்தவரின் கையெழுத்து ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துக் கேட்பதில் தவறில்லை.

எண்ணிடுவதற்கு எளிய முறை உண்டு. கட்டடக் கலைஞரின் வரைபடங்களுக்கு ‘ஏ’, கட்டமைப்புக்கு ‘எஸ்’, மின்சாரத்துக்கு ‘இ’, குழாய்ப் பணிக்கு ‘பி’ என்ற முன்னெழுத்தோடு 101, 102 என்று எண்ணுங்கள். ‘ஏ-101’ என்றால் தரைத்தள வரைபடம் என்பது கடைசி நாள்வரை மாறக்கூடாது. மாறுவது திருத்த எண் மட்டுமே: முதலில் திருத்தம் 0, பிறகு 1, 2, 3. மாறிய இடத்தைச் சுற்றி மேகம்போல் வளைகோடு இட்டுக் காட்டும்படி கட்டடக் கலைஞரிடம் கேளுங்கள். எதை மாற்றினார் என்று நீங்களும் மேஸ்திரியும் தேடவேண்டியிராது.

வரைபடத்தின் நோக்கத்தையும் அதன்மேல் எழுதச் சொல்லுங்கள். ‘கலந்தாய்வுக்கு’, ‘அனுமதிக்கு’, ‘விலைப்புள்ளிக்கு’, ‘கட்டுமானத்துக்கு’ என்ற நான்கு முத்திரைகள் போதும். ‘கட்டுமானத்துக்கு’ என்ற முத்திரையும் தேதியும் கையெழுத்தும் இல்லாத எந்தத் தாளும் பணியிடத்துக்குள் நுழையக்கூடாது. பழைய தாளைக் கையோடு வாங்கி, குறுக்கே ‘செல்லாது’ என்று எழுதி வீட்டுக் கோப்பில் ஒரு படி மட்டும் வையுங்கள். கிழித்தெறிய வேண்டாம், முன்பு என்ன இருந்தது என்பதும் ஒருநாள் கேள்வியாகலாம்.

இவை அனைத்துக்கும் தலையாயது வரைபடப் பதிவேடு. கோப்பின் முதல் தாளாக அதை வையுங்கள். வரைபட எண், பெயர், நடப்பில் உள்ள திருத்த எண், தேதி, யார் யாரிடம் எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்ற ஐந்து பத்திகள். பெங்களூர்க் குடும்பத்தின் பதிவேட்டில் ‘ஏ-101, திருத்தம் 2’ என்ற வரிக்கு எதிரே கட்டமைப்புப் பொறியாளரின் பத்தி வெறுமையாக இருந்திருக்கும். குழி தோண்டும் முன் எவரேனும் ஒருவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்திருப்பார். ஒரு தாளில் உள்ள ஒரு வெற்றிடம் இரண்டு தூண்களைக் காப்பாற்றியிருக்கும்.

கணினியில் சேமிக்கும்போது ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘இதுவே இறுதி’ என்று பெயரிடாதீர்கள். ஆண்டு, மாதம், நாள், வரைபட எண், திருத்த எண் என்ற வரிசையில் ‘2025-06-12 ஏ-101 தரைத்தளம் திருத்தம் 2’ என்று பெயரிட்டால், கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

பணியிடத்தில் ஒரு விதியைப் பலகையிலேயே எழுதி வையுங்கள்: வரைபடத்தில் எழுதியுள்ள அளவையே பின்பற்ற வேண்டும், அளவுகோல் வைத்து அளக்கக்கூடாது. நகலெடுக்கும்போதும் கைப்பேசியில் பார்க்கும்போதும் படம் சுருங்கும், விரியும். எழுதிய எண் மாறாது.

பணம்

‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்ற ஒற்றை வரி ஒப்பந்தமே பல மனக்கசப்புகளின் தாய். எந்தச் சதுர அடி? சுவரின் வெளிப்புறம்வரை அளப்பதா? உப்பரிகை முழுதாகச் சேருமா, பாதியா? படிக்கட்டின் மேற்கூரை, தண்ணீர்த் தொட்டி, மதில் இவை உள்ளடங்கியவையா? கட்டடப் பரப்பையும் உட்பரப்பையும் அளக்கும் முறைக்கு ஐ.எஸ். 3861 என்ற விதித்தொகுப்பு உள்ளது. ‘அதன்படி அளக்கப்படும்’ என்ற ஒரு தொடரை ஒப்பந்தத்தில் சேர்த்து, சேரும் பகுதிகளையும் சேராத பகுதிகளையும் தனித்தனியே பட்டியலிடுங்கள்.

விரிவான மதிப்பீட்டில் தோண்டுதல், கான்கிரீட், கம்பி, சுவர், பூச்சு, தரை, கதவு, மின்சாரம், குழாய் என ஒவ்வோர் இனத்துக்கும் அளவும் விலையும் தரமும் இருக்க வேண்டும். எந்த வரைபடத்தின் எந்தத் திருத்தத்தைக் கொண்டு மதிப்பிடப்பட்டது என்பதும் அதன் தலைப்பில் இருக்க வேண்டும். திருத்தம் 0-ஐக் கொண்டு விலை பேசி, திருத்தம் 3-ஐக் கட்டச் சொன்னால், கூடுதல் தொகை கேட்பவரைக் குறைசொல்ல முடியாது.

இங்கே கடனின் கணக்கையும் நினைவில் கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, ரூ.30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரை 80 சதவீதம் வரையிலும், அதற்கு மேற்பட்ட கடனுக்கு 75 சதவீதம் வரையிலுமே வங்கிகள் கடன் வழங்கலாம். ரூ.60 லட்சம் மதிப்பீட்டுக்கு ரூ.48 லட்சம் கடன் கிடைத்தால், ரூ.12 லட்சம் உங்கள் பங்கு. நடுவில் மாற்றங்களால் செலவு ரூ.5 லட்சம் கூடினால் கடன் தானாகக் கூடாது. உங்கள் பங்கு ரூ.17 லட்சமாகும். அந்த ஐந்து லட்சம் மகளின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ ஒதுக்கிய தொகையாக இருக்கலாம்.

வங்கி ஏன் கேட்கிறது?

“என் நிலம், என் வீடு, வங்கிக்கு எதற்கு இத்தனை காகிதம்?” என்று சில வாடிக்கையாளர்கள் வருந்துவதுண்டு. டெல்லி உயர் நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, வீட்டுக் கடன் குறித்து ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சில கட்டளைகளை இட்டது. சொந்த மனையில் வீடு கட்டக் கடன் கேட்பவரிடம், அவர் பெயரில் அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைக் கடன் ஒப்புதலுக்கு முன்பே பெற வேண்டும். அனுமதிக்கப்பட்ட வரைபடப்படியே கட்டுவதாகவும், கட்டி முடித்த 3 மாதங்களுக்குள் நிறைவுச் சான்று பெறுவதாகவும் அவர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். தவறினால் முழுக் கடனையும் திரும்பக் கேட்கும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. வங்கி நியமிக்கும் கட்டடக் கலைஞர், பல்வேறு நிலைகளில் வேலை அந்த வரைபடப்படி நடக்கிறதா என்று சான்றளிக்க வேண்டும்.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், கட்டுமானக் காலம் முழுவதும் அனுமதி பெற்ற வரைபடத்தைப் பணியிடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றும், நிறைவுச் சான்றைப் பார்த்த பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளை வழங்க வேண்டும் என்றும், கட்டடத்தைப் பிணையாகக் கொண்டு கடன் தரும் வங்கிகள் அச்சான்றைச் சரிபார்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

ஆகவே பெங்களூர்க் குடும்பத்தின் கதையில் மூன்றாவது வரைபடம் ஒன்றும் உண்டு: மாநகராட்சியும் வங்கியும் வைத்திருக்கும் வரைபடம். அதில் படிக்கட்டு இன்னும் பின்மூலையிலேயே இருக்கிறது. அடித்தளம், கூரை என்று நிலைநிலையாகப் பணம் விடுவிக்கும் முன் பார்வையிட வருபவர் அந்தத் தாளோடுதான் வருவார். எந்த மாற்றத்துக்கு முன்னரும் கட்டடக் கலைஞரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது: “இந்த மாற்றத்துக்குத் திருத்திய அனுமதி தேவையா?” விடை ஊருக்கு ஊர், மாற்றத்துக்கு மாற்றம் வேறுபடும். தேவையெனில், திருத்திய அனுமதி வந்ததும் அதன் நகலை வங்கிக் கிளையிலும் சேருங்கள். மறைத்து வைத்த மாற்றம் தவணை நிற்கும் நாளில்தான் வெளிப்படும். அதற்குள் கொத்தனார்களுக்குக் கூலி கொடுக்க வேண்டிய சனிக்கிழமை வந்திருக்கும்.

முடிவுப் பதிவேடு

வரைபடத்தில் அடங்காத பல முடிவுகள் பேச்சிலேயே முடிந்துவிடுகின்றன. மனையில் நின்றபடி “சரி, சன்னலை இரண்டடி தள்ளிவிடலாம்” என்று சொல்லிவிட்டு வருகிறோம். மூன்று மாதங்களுக்குப் பிறகு யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்பதே நினைவில் இருப்பதில்லை.

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். தேதி, எடுத்த முடிவு, யார் யார் ஒப்பினர், செலவில் எவ்வளவு கூடும் அல்லது குறையும், எத்தனை நாள் கூடும், எந்தெந்த வரைபடங்கள் மாற வேண்டும் என்ற ஆறு செய்திகளை ஒவ்வொரு முடிவுக்கும் எழுதுங்கள். அன்று மாலையே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, கட்டடக் கலைஞர், பொறியாளர், ஒப்பந்ததாரர் மூவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இடுங்கள். தொலைபேசியில் சொன்னது எழுதப்படும்வரை முடிவாகாது என்பதை எல்லோரும் முதல் நாளே ஏற்றுக்கொள்ளட்டும். இது நம்பிக்கையின்மையின் அடையாளம் அன்று. பத்து ஆண்டுப் பழக்கமுள்ள ஒப்பந்ததாரரோடும் உறவு கெடாமல் இருக்க இதுவே வழி.

வரைபடங்களின் படைப்புரிமை பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கட்டடக் கலைப் படைப்புகளையும் காக்கிறது. கட்டணம் கொடுத்து வாங்கிய வரைபடத்தை உங்கள் வீட்டுக்குப் பயன்படுத்தலாம். அதையே தம்பியின் மனைக்கும் பயன்படுத்த வேண்டுமானால் வரைந்தவரின் இசைவு வேண்டும். அவர் நடுவில் விலகினால் வரைபடங்கள் எந்த வடிவில் உங்களிடம் ஒப்படைக்கப்படும் என்பதையும் நியமனக் கடிதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கோப்பு முதிரும் காலம்

குடிபுகுந்த பின் கோப்பைப் பரணில் எறிந்துவிட வேண்டாம். நடைமுறையில் கட்டப்பட்டபடி திருத்திய வரைபடங்களையும், பூச்சு வேலைக்கு முன் சுவர்களில் ஓடும் மின்குழாய், நீர்க்குழாய்களின் புகைப்படங்களையும், நிறைவுச் சான்றையும் அதில் சேருங்கள். ஆணி அடிக்கும் இடம் தெரியவும், மேல்மாடி எழுப்பவும், காப்பீடு பெறவும், விற்கவும், பிள்ளைகளுக்குப் பிரித்துத் தரவும் அதுவே துணை. கோப்பு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு எழுதிய லக்னப் பத்திரிகையைப் பல வீடுகளில் இன்றும் மஞ்சள் தடவிப் பாதுகாத்து வைத்திருக்கின்றனர். வீட்டுக்கும் அப்படியொரு பத்திரிகை எழுதுவோம். எல்லோர் முன்னிலையிலும் வாசிப்போம். ஆளுக்கொரு படி கொடுப்போம். பிறகு தேங்காய் உடைக்கலாம்.

பூமி பூஜைக்கு முன் ஒரு பார்வை

• மனையை இன்று அளந்த வரைபடம் கோப்பில் உள்ளதா?
• தேவைப் பட்டியலைக் குடும்பத்தினர் அனைவரும் படித்தனரா?
• மண் அறிக்கை கட்டமைப்புப் பொறியாளரிடம் சேர்ந்ததா?
• கட்டடக் கலைஞர், பொறியாளர், ஒப்பந்ததாரர் மூவரிடமும் ஒரே திருத்த எண் உள்ள வரைபடங்கள் உள்ளனவா?
• அந்த வரைபடம் அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒத்துள்ளதா?
• மதிப்பீடும் ஒப்பந்தமும் எந்தத் திருத்தத்தைக் கொண்டு எழுதப்பட்டன?
• வங்கியில் கொடுத்த ஆவணங்களின் நகல்களும் ஒப்புகையும் உள்ளனவா?
• முடிவுப் பதிவேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டதா?

ஏழு கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றும், ஆறாவதற்குத் திருத்த எண்ணையும் சொல்ல முடிந்தால், கடப்பாறையைக் கையில் எடுக்கலாம்.